காலண்டரில் அம்மா போட்ட கோடுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சில் கோடுகள் இருக்கும். அன்றைக்குத் தான் எத்தனை தடவை கழிப்பறைக்குப் போனோம் என்று அம்மா வைத்த கணக்கு அது. சில நாள் 4, சில நாள் 11. வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போவதையே அம்மா நிறுத்தியிருந்தார். வயிற்றுப்போக்குக்குக் காரணம் சாப்பாடு என்றார் ஒரு டாக்டர். முகம் திடீரென்று சிவந்து சூடாவதற்கு, மாதவிடாய் நிற்கிற வயசு என்றார் இன்னொருவர். நாலு வருஷம் இப்படியே போனது. இந்தக் கட்டிகளைத் தேடிக் காட்டும் கேலியம் பெட் ஸ்கேனில்தான், சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் இருப்பதும், அது கல்லீரலுக்குப் பரவிவிட்டதும் தெரிந்தது.

அந்த ஹார்மோன் சுரப்பை அடக்க 28 நாளுக்கு ஒரு ஆக்ட்ரியோடைட் ஊசி. அது போதாமல் போனபோது 8 வார இடைவெளியில் நான்கு முறை லுட்டீசியம், கட்டியைத் தேடிப்போய்த் தாக்கும் கதிரியக்க மருந்து. மூன்றாவது முறைக்குப் பிறகு காலண்டரில் கோடுகள் குறைந்தன. என் மகனின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அம்மா ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தார். அந்த மாத ஸ்கேன் அறிக்கையில் இருந்ததோ, கட்டியின் அளவில் மாற்றமில்லை என்ற ஒரு வரிதான்.

இந்த லுட்டீசியம் மருந்தைச் சோதித்து 2017இல் வெளியான நெட்டர்-1 ஆய்வை நீங்கள் அறிவீர்கள். நோய் முற்றாமல் 20 மாதம் கடந்தவர்கள் லுட்டீசியம் பெற்றோரில் 65.2 சதவீதம், அதிக அளவு ஆக்ட்ரியோடைட் மட்டும் பெற்றோரில் 10.8 சதவீதம். ஆயுள் கணக்கு 2021இல் வந்தது: லுட்டீசியம் பெற்றோருக்கு 48 மாதம், மற்றவர்களுக்கு 36.3 மாதம். புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு இல்லை. ஒப்பீட்டுக் குழுவிலும் பலர் பின்னால் லுட்டீசியம் போட்டுக்கொண்டார்கள். என்னை உலுக்கியது அதே ஆய்விலிருந்து 2018இல் வந்த வேறொரு கணக்கு. பொதுவான உடல்நிலை மோசமாக லுட்டீசியம் பெற்றோருக்கு 28.8 மாதம் ஆனது, மற்றவர்களுக்கு 6.1 மாதம். நோயாளிகளிடமே கேட்டு எழுதியதால் கிடைத்த எண்கள் அவை. அம்மாவின் பென்சில் கோடுகளும் அதே வகைச் சான்றுதானே!

அந்த ஆய்வு நடந்தது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். இங்கே மும்பை துருவா அணு உலையில் நாமே லுட்டீசியம் தயாரிக்கிறோம். எங்களைப் போன்றவர்கள் ரயிலேறிப் போய் அதைப் போட்டுக்கொண்டு வருகிறோம். நான்காவது முறை முடிந்து இத்தனை மாதமாகியும் "எப்படி இருக்கீங்கம்மா?" என்று ஒரு போன் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். இந்த மருந்து பெறும் ஒவ்வொருவரையும், எந்த மருத்துவமனையானாலும், ஒரே பதிவேட்டில் கொண்டுவந்து குறைந்தது ஐந்து வருஷம் பின்தொடருங்கள். ரத்த அணுக்களும் சிறுநீரகமும் பின்னாளில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வயிற்றுப்போக்கையும் அசதியையும் அவரவர் பேச்சில் கேளுங்கள். 'முகச்சிவப்பு உண்டா' என்றால் அம்மா இல்லை என்பார். "மொகம் குப்புனு சூடாகுதாம்மா?" என்றால் எத்தனை தடவை என்று எண்ணியே சொல்வார்.

மூன்று வருஷத்துக் காலண்டர்களை பீரோவில் சுருட்டி வைத்திருக்கிறேன். எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்