வசதிகள் இனாம் அல்ல, விலை கொடுத்து வாங்கியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வேலூர் அருகே அமையப்போகும் வில்லா குடியிருப்பு ஒன்றின் முழுப்பக்க விளம்பரம் பார்த்தேன். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், நடைப்பயிற்சிப் பாதை, குழந்தைகள் பூங்கா, பெரியவர்களுக்கு முதலுதவி அறை, நாள் முழுக்க நல்ல தண்ணீர். அந்த நிறுவனத்தைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. ஆனால் ஏறக்குறைய இதே பட்டியலை வேறொரு பில்டரின் புரோஷரில் படித்துவிட்டு, பள்ளிகொண்டா போகும் வழியில் வீடு வாங்கிய குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. எங்களுக்கு நடந்ததை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைப்போல ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உள்ள மாவட்டம் இது. ஓய்வூதியப் பணம் கைக்கு வரும்போது எங்கே போடுவார்கள் என்பது ரியல் எஸ்டேட்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மீதிப் பாதி, பெங்களூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்காக வாங்கிய வீடுகள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, ஓர் அவசரம் என்றால் ஓடலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. அதாவது வாங்கியவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள், அல்லது அறுபது தாண்டியவர்களுக்காக வாங்கியவர்கள். நடைப்பாதையும் முதலுதவி அறையும் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. அவை இருக்கும் என்று சொன்னதால்தான் ஊருக்குள் இருந்த வீட்டை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்தோம். இப்போது இங்குள்ள பெரியவர்கள் விடியற்காலையில் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், லாரிகள் உரசிப்போகும் ஓரத்தில் நடக்கிறார்கள்.

கிளப் ஹவுஸுக்கு என்று காட்டியிருந்த இடத்தில் ஒரு நாள் காலையில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கூடவே ஒரு குடும்பம், கையில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா மகிழ்ச்சியாகப் போய், "என்னங்க, கிளப் ஹவுஸ் வேலை ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "இது எங்க மனைங்க. போன மாசம்தான் ரிஜிஸ்டர் ஆச்சு" என்றார். பத்திரத்தையும் எடுத்துக் காட்டினார். மனை எண், நான்கு பக்க எல்லை, அளவு எல்லாம் சரியாக இருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்குக் கொடுத்த புரோஷரிலும் கிளப் ஹவுஸ் இருந்தது, வேறு மூலையில்.

அதற்குப் பிறகுதான் நகர் ஊரமைப்பு இயக்ககம் அனுமதித்த வரைபடத்தின் நகலை வாங்கி, புரோஷரையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். புரோஷரில் நீல நிறத்தில் நீச்சல் குளம் இருந்த இடம் வரைபடத்தில் வெறும் மனை. கிளப் ஹவுஸ் இருந்த இடமும் மனை. இரண்டுக்கும் எண் போட்டிருக்கிறது. அதாவது, விற்பதற்காகவே பிரித்த மனைகளின் மேல் குளத்தையும் கட்டடத்தையும் படமாக வரைந்து எங்களிடம் காட்டியிருக்கிறார்கள்.

பூங்கா விஷயம் இன்னும் மோசம். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டிய மனைப்பிரிவில், சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். எங்கள் புரோஷரில் 'குழந்தைகள் பூங்கா' என்று இருந்தது இந்த இடம்தான். சட்டப்படி எப்படியும் விட்டாக வேண்டிய, ஊராட்சிக்குச் சொந்தமான நிலத்தை பில்டர் தான் தரும் வசதியாகக் கணக்கில் சேர்த்துவிட்டார். சாலைகளும் அப்படியே தானமாகப் போனவை. பொதுச் சாலையின் குறுக்கே கேட் போட்டுப் பூட்ட யாருக்கும் உரிமை இல்லை. மனைப்பிரிவாக அனுமதி வாங்கிவிட்டு 'கேட்டட் கம்யூனிட்டி' என்று விற்றால், அந்தப் பெயரே நிறைவேற்ற முடியாத வாக்குறுதி.

எங்களில் எல்லோரும் வக்கீலை வைத்துத்தான் வாங்கினோம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பார்த்தார்கள். வங்கியும் தன் பங்குக்குப் பார்த்துவிட்டுத்தான் கடன் கொடுத்தது. ஆனால் இவை எல்லாம் நிலம் யாருடையது என்று சொல்லுமே தவிர, கிளப் ஹவுஸ் வருமா என்று சொல்லாது. கிரயப் பத்திரத்தில் மனை மட்டும் இருக்கும். கட்டுமான ஒப்பந்தத்தில் செங்கல், சிமென்ட், டைல்ஸ், ஸ்விட்ச் கம்பெனி வரைக்கும் இருக்கும். பொது வசதிகளைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இருக்காது. அவை புரோஷரில் மட்டும்தான் வாழ்கின்றன, அதன் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'படங்கள் கற்பனையே, மாற்றத்துக்கு உட்பட்டவை' என்ற வரியும் சேர்ந்தே வாழ்கிறது.

சங்கத்தின் சார்பில் போய்க் கேட்டபோது பில்டரின் மேலாளர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. "சார், வீடு சொன்னபடி கொடுத்தாச்சு. மத்ததெல்லாம் நாங்களா இனாமா செய்யறது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

இனாம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. எங்கள் காம்பவுண்டுக்கு வெளியே, அதே சாலையில், அதே மண்ணில், அதே அனுமதியோடு கொடி நட்டு விற்ற மனைகளைவிட எங்களுக்குச் சதுர அடி விலை கூடுதல். ஏன் கூடுதல் என்று வாங்கும்போதே கேட்டோம். வசதிகளைக் காட்டித்தான் பதில் சொன்னார்கள். அது போக, 'வசதிக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை வாங்கி, சீல் வைத்து ரசீதும் கொடுத்திருக்கிறார்கள். பணம் வாங்கிய பொருளைக் கொடுக்காமல், கேட்டால் பொறுத்துக்கொள் என்று சொல்வதற்குப் பெயர் தாமதம் இல்லை. அது ஏமாற்று.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்கிறோமே, அதன் 12-ஆவது பிரிவு விளம்பரத்தையும் புரோஷரையும் பற்றியது. அவற்றில் இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால் பில்டர் ஈடு கொடுக்க வேண்டும். திட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று வாங்கியவர் சொன்னால், போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லையே என்ற சாக்கு இங்கே செல்லாது. அதே சட்டத்தில் 'பொதுப் பகுதி' என்பதற்குக் கொடுத்துள்ள விளக்கத்தில், திட்டத்தில் தருவதாகச் சொன்ன சமூக வசதிகளும் அடங்கும்.

2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கிய 339 பேர் தொடுத்தது. முதல் மனுதாரர் விமானப்படை அதிகாரி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2019-இல் அவர்களுடைய மனுவைத் தள்ளுபடி செய்தும் விடாமல் மேலே போனார்கள். சொன்ன வசதிகள் வளாகத்துக்குள் வராவிட்டால் என்ன, அக்கம்பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறதே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வீடுகளை விற்ற பிறகு கட்டுப்படியாகாது என்று வசதிகளைக் கைவிட்டு, வாங்கியவர்களை நடுவில் நிறுத்த முடியாது. தான் கொடுத்த வாக்குக்குக் கட்டியவரே பொறுப்பு என்ற கருத்தில் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடும் கிடைத்தது. எங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொன்ன அன்றுதான், இனி என்ன செய்ய முடியும் என்று சோர்ந்திருந்த பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் சட்டம் இருந்தும் இங்கே கைக்கு எட்டுவதில்லை. தமிழ்நாட்டு ரெரா ஆணையம் இருப்பது சென்னை எழும்பூரில். எழுபது வயதுக்காரர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலூரிலிருந்து அங்கே போய் வர முடியுமா? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து வேலூரில் குறிப்பிட்ட நாட்களில் அமர்வு நடத்த வேண்டும். அப்புறம், திட்டத்தைப் பதிவு செய்யும்போதே புரோஷரையும் கட்டாயமாக வாங்கி, அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் போட்ட மனையின் மேல் நீச்சல் குளம் வரைந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஓர் அதிகாரிக்குப் பத்து நிமிடம் போதும். எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சென்னைக்குப் போக முடியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றை அங்கேயே விசாரிக்கலாம். ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கூடாது என்று பில்டர் தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இலேயே தெளிவாக்கிவிட்டது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ரெரா சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணையதள முகவரியையும் தெளிவாகத் தெரியும்படி போட வேண்டும் என்கிறது. நான் பார்த்த விளம்பரத்தில் பதிவு எண் இருந்தது. ஆனால் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை, பேத்தியிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொன்னேன். அந்தப் பொறுப்பு சட்டப்படி விளம்பரம் கொடுப்பவருடையது, பத்திரிகையுடையது இல்லை என்பது தெரியும். இருந்தாலும் எங்கள் பக்கத்து மக்கள் தங்கள் நாளிதழில் வந்தது என்பதாலேயே ஒன்றை நம்புகிறவர்கள். பதிவு எண் இல்லாத மனை, வீட்டு விளம்பரத்தை வாங்குவதில்லை, எண்ணைத் தொலைபேசி எண் அளவுக்காவது பெரிதாகப் போட்டால்தான் வெளியிடுவோம் என்று தாங்கள் ஒரு விதி வைத்தால், மற்ற பத்திரிகைகளும் பின்பற்ற வேண்டியதாகிவிடும்.

எங்கள் சங்கத்தின் மனு தயாராகிவிட்டது. புரோஷர், வரைபட நகல், வசதிக் கட்டண ரசீது மூன்றையும் இணைத்திருக்கிறோம். நெடுஞ்சாலை ஓரத்தில் எங்களைப் போலவே காத்திருக்கும் மற்ற குடியிருப்புக்காரர்கள் தங்களிடம் உள்ள பழைய புரோஷரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். விற்பனை ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையும் பேச்சையும் அழிக்காமல், தேதி தெரியும்படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வீரர்,
வேலூர் மாவட்டம்.