ஞாயிறு சந்திப்பில் ஓர் ஆவணப்படம்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு வழமையான இடத்தில் கூடும்போது, கதை வாசிப்புக்குப் பதிலாக, பிரித்தானிய இயக்குநர் பாசில் ரைட் 1934இல் இலங்கையைப் பற்றி எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தைப் பார்க்கவிருக்கிறோம். 1660இல் நம் கொட்டியாரக் கரையில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலின் வரிகளையே அப்படத்தில் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார். கண் காண்பது ஒரு காலம், காது கேட்பது இன்னொரு காலம். காட்சியில் தெரிவதையே வார்த்தைகளாலும் திருப்பிச் சொல்லாத அந்த அடக்கம் நம் எழுத்துக்கு மிகவும் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அண்மையில் இங்கு பகிரப்பட்ட கதைகள் சிலவற்றில், என்னுடையதிலும்தான், "மீனவர்கள் வறுமையில் வாடினார்கள்" என்பது போன்ற வரிகளைக் கண்டேன். கமராவால் வறுமையைப் படம்பிடிக்க முடியாது; கரைவலைக் கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கையையும், மணலில் புதையும் குதிகாலையும், மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்குகையில் அதையே பார்த்து நிற்கும் சிறுவனையும்தான் அது காட்டும். வாசகருக்கும் அவைதான் வேண்டும்.

முதல் பத்து நிமிடங்களை ஒலியின்றிப் பார்த்து, கண்டதை மட்டும் எழுதுவோம். பின்னர் ஒலியுடன் மீண்டும் பார்த்து, எழுதியதைத் திருத்துவோம். கொப்பியும் பேனையும் கொண்டுவாருங்கள். மூதூரிலிருந்து வருவோர் திரும்பிச் செல்லும் பேருந்தின் நேரத்தைச் சனிக்கிழமைக்குள் அறியத் தந்தால், அதற்கேற்ப முடித்துக்கொள்ளலாம்.