பேட்டில் மடத்துக்குப் போய்வந்தோம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாயிருப்பாய் என நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் லண்டனிலிருந்து சசெக்ஸ் பகுதியிலுள்ள பேட்டில் ஊருக்குப் போய், அங்குள்ள பழைய கிறித்தவத் துறவியர் மடத்தைப் பார்த்துவந்தோம். கட்டுமானத் துறையில் இருக்கும் உனக்கு இதைத் தொலைபேசியில் சொல்வதைவிட எழுதுவதே நல்லது என்று தோன்றியது.

தண்டவாளப் பணி காரணமாக டன்பிரிட்ஜுக்கு அப்பால் ரயில் ஓடாது என்பது முன்பே தெரியும். அப்பா வேறு நாளில் போகலாம் என்றார். ஆனால் அவருக்கு மறுபடி எப்போது விடுமுறை கிடைக்குமோ என்று நான்தான் வற்புறுத்தினேன். டன்பிரிட்ஜில் மாற்றுப் பேருந்துக்கு வெகுநேரம் வரிசையில் நின்றோம். அது வாடர்ஸ்ட், எட்சிங்கம், ராபர்ட்ஸ்பிரிட்ஜ் என்று ஒவ்வொரு நிலையத்துக்குள்ளும் நுழைந்து, குறுகிய சாலைகளில் வளைந்து வளைந்து சென்றது. அந்த மேடுபள்ளங்களைக் கண்ட பிறகுதான் இந்த ரயில்பாதையின் கதை எனக்கு நன்றாக விளங்கியது. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே சுரங்கங்களைக் கட்டிய ஒப்பந்ததாரர்கள், உட்சுவருக்கு வேண்டிய செங்கல் அடுக்குகளைக் குறைத்துவிட்டார்கள். அது வெளிப்பட்டபின் உள்ளே கூடுதல் அடுக்குகள் கட்ட வேண்டியதாயிற்று, சுரங்கம் குறுகியது. அதனால் இந்தப் பாதைக்கென்றே அகலம் குறைந்த ரயில் பெட்டிகள் செய்தார்கள். 1986-இல் பாதை மின்மயமாகும்வரை அவைதான் ஓடின. மவுண்ட்ஃபீல்டு சுரங்கத்தில் இன்று ஒரே தண்டவாளம்தான்.

இனி மடத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1066 அக்டோபர் 14 அன்று நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்து மன்னன் ஹரால்டை வென்ற போர்க்களம் இதுதான். அந்தப் போரில் சிந்திய குருதிக்குக் கழுவாயாக வில்லியம் இங்கே மடம் எழுப்பினான்; ஹரால்டு வீழ்ந்த இடத்திலேயே கோவிலின் தலைப் பீடம் அமைய வேண்டும் என்றான். பிரான்சின் மார்மூத்தியேவிலிருந்து வந்த பெனடிக்டின் என்ற சபையின் துறவிகளோ, குன்றின் உச்சி தண்ணீரின்றி வறண்டிருப்பதைக் கண்டு, மேற்கே தாழ்வான நிலத்தில் கட்டத் தொடங்கினார்கள். மன்னன் சினந்து, தான் சொன்ன இடத்தில்தான் அடித்தளம் இடவேண்டும், தான் உயிரோடிருந்தால் மற்ற மடங்களில் தண்ணீர் கிடைப்பதைவிட இங்கே திராட்சை மது தாராளமாகக் கிடைக்கும் என்றானாம். மடத்துத் துறவிகளே பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்த வரலாறு இது.

அந்தப் பிடிவாதத்தின் விளைவைத்தான் நீ பார்க்கவேண்டும். சரிவில் கட்ட நேர்ந்ததால், துறவிகள் உறங்கிய நீண்ட கூடத்தின் மேல்தளம் சமமாயிருக்க, கீழ்த்தள அறைகளின் தரை தெற்கே போகப்போகத் தாழ்ந்து, அவற்றின் உயரம் கூடிக்கொண்டே போகிறது. கடைசி அறையில், மெலிந்த தூண்களின் தலையிலிருந்து விலா எலும்புகள்போலக் கல் வளைவுகள் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. ஒரு தூணின் அடியில் கை வைத்துப் பார்த்தேன்; கல் குளிர்ந்து, சற்றே ஈரமாயிருந்தது. மேலே உறங்குகூடத்துக்குக் கூரை இல்லை. அப்பா அங்கிருந்து நகரவே மனமில்லாமல் நின்றார்.

1094-இல் புனிதப்படுத்தித் திறக்கப்பட்ட கோவில் இன்று இல்லை. மன்னன் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1538-இல் இந்த மடம் அவனுடைய அரசவையைச் சேர்ந்த ஆன்டனி பிரவுன் என்பவருக்குப் போயிற்று. அவர் கோவிலை இடித்துவிட்டார். பீடம் இருந்த இடத்தில் புல்வெளியில் ஒரு கற்பலகை மட்டும் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் யாரோ மலர்கள் வைத்திருந்தார்கள். தோற்ற மன்னனுக்கு இத்தனை நூற்றாண்டுக்குப் பின்னும் மலர் வைக்க ஆளிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திரும்பும்போதும் பேருந்துதான், வீடு சேர இரவாகிவிட்டது. அடுத்த முறை நீ வரும்போது மூவரும் வாரநாள் ஒன்றில் போவோம். அந்தத் தூண்கள் எடையை எப்படித் தாங்குகின்றன என்று அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. நீதான் அவருக்கு விளக்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா