கையெழுத்தும் புகாரும் ஒரே கையில்: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் பயிரிட்டு வரும் நான், இருபது ஆண்டுகளுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் பணியாற்றி, கேப்டனுக்கு அடுத்த நிலையான சீஃப் ஆபீசராக இருந்து கரைக்குத் திரும்பியவன். கடற்கரையே இல்லாத எங்கள் கொங்கு நாட்டில், பிளஸ் டூ முடித்த மகனைக் கப்பலுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், தோட்டத்துப் பத்திரத்தை அடமானம் வைக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போவது வழக்கம். படிப்பு, சம்பளம், கண் பரிசோதனை ஆகியவற்றைத் தயங்காமல் சொல்லும் நான், கப்பல் செலுத்தக் கற்பிக்கும் நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோவுக்குப் பின் பையன் கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, கழிக்க வேண்டிய 18 மாதங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நான் கேடட்டாக இருந்தபோது, பூமத்திய ரேகையைக் கடக்கும் நாளில் என் தலையை மழித்து, சமையலறைக் கழிவில் கிரீஸைக் கலந்து மேலே ஊற்றினார்கள். அது ஒரு நாள் கூத்து. சடங்கு என்று சொல்லிச் சிரித்துவிடலாம். சடங்கு என்ற பெயர்கூட இல்லாமல் நடந்தவைதாம் உள்ளே தங்கிவிட்டன. காலை 4 முதல் 8 வரை வாட்ச் எனும் காவல் பணி, பிறகு பகல் முழுவதும் துருச் சுரண்டல், மாலை 4 மணிக்கு மறுபடியும் வாட்ச். நிலக்கரி இறக்கிய பின் நள்ளிரவு வரை ஹோல்டு எனும் சரக்கு அறையைக் கழுவல். அதன்பின் 10 மணி நேரம் ஓய்வெடுத்ததாக எழுதிய தாளில் கையெழுத்து. கப்பல் நீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் டிராஃப்ட் அளவைத் தவறாகப் படித்ததற்காக, தளத்து மாலுமிகளின் தலைவரான போசனின் கண்ணெதிரே ஓர் அதிகாரி என் கன்னத்தில் அறைந்தார். அந்த வாரம் வீட்டுக்குப் பேசியபோது, "நல்லா இருக்கறனுங்கம்மா" என்றுதான் சொன்னேன். பின்னாளில் நானே சீஃப் ஆபீசரானபோது கை நீட்டியதில்லை. ஆனால் பொய்யான ஓய்வு நேரத் தாள்களை நானும் கேடட்டுகளின் முன் நீட்டியிருக்கிறேன்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. கப்பலில் நிகழும் துன்புறுத்தலையும் மிரட்டலையும் கணக்கில் கொள்ளும் அதன் திருத்தம் 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2026 ஜனவரி முதல் மாலுமிகளின் அடிப்படைப் பயிற்சியிலேயே இவற்றைத் தடுப்பது ஒரு பாடம். ஆனால் 1997-இல் தமிழ்நாடு இயற்றிய ராகிங் தடைச் சட்டம் கல்வி நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பனாமா நாட்டில் பதிவாகி அதன் கொடியேற்றிய கப்பலில் நடுக்கடலில் நிற்கும் எங்கள் ஊர்ப் பையனுக்கு அது எட்டாது. கல்லூரி விடுதியில் அடிபட்டவனுக்கு வாசற்கதவு என்று ஒன்றாவது உண்டு.

கேடட்டின் பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு பணிக்கும் கையெழுத்திடுபவரும், அவனுக்கு நற்சான்று எழுதுபவரும், அவன் புகார் சொன்னால் முதலில் விசாரிப்பவரும் பெரும்பாலும் அதே சீஃப் ஆபீசர்தான். மேலே கேப்டன் இருக்கிறார். இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். நிறுவனம் கரையில் நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண் சுவரில் ஒட்டப்பட்டிருந்தாலும், அவரும் அந்த நிறுவனத்திடமே சம்பளம் வாங்குகிறார் என்பது பையனுக்குத் தெரியும்.

கடல் வேலைக்கு உரம் வேண்டும், கண்டித்து வளர்த்தால்தான் அது வரும் என்று என் பழைய தோழர்கள் சொல்வார்கள். ஆனால் அடிக்குப் பயந்தவன், கப்பலின் மூடிய தொட்டிக்குள் இறங்கு என்றால் ஆக்சிஜன் அளந்தாயிற்றா என்று கேட்க மாட்டான். தூங்காதவன், இழுபட்டு நிற்கும் கயிறு அறுந்தால் எங்கே வீசும் என்று பார்க்காமல் அதன் பாதையிலேயே நிற்பான்.

எனவே, பயிற்சிக் காலத்தின் நடுவில் ஒருமுறையேனும், நிறுவனத்தைச் சாராத ஒருவர் கேடட்டைக் கப்பலுக்கு வெளியே, அவன் தாய்மொழியில், தனியே சந்தித்துப் பேச ஏற்பாடு செய்யுங்கள். புகார் கொடுத்தவனின் பதிவேட்டை வேறு கப்பலின் அதிகாரி மதிப்பிடட்டும்; கப்பல் மாறுவதால் அவனுடைய கடற்பணி நாள்களில் ஒன்றுகூடக் குறையாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். கேடட்டின் ஓய்வு நேரத் தாளைச் சரக்குப் பதிவேட்டோடும் வாட்ச் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் ஆய்வாளர்களுக்கு அரை மணி நேரம் போதும். என் கையெழுத்துள்ள பழைய தாள்களை அப்படி ஒப்பிட்டிருந்தால், முதல் பக்கத்திலேயே நான் அகப்பட்டிருப்பேன்.

இங்ஙனம்,
முன்னாள் சீஃப் ஆபீசர் ஒருவன்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.