தம்பிக்கு

கோண்டாவில்
வைகாசி

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். கலியாணக் கார்ட்டைப் பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. பார்த்தேன். வடிவாக இருக்கிறது. பெற்றோர் பெயர்களையும் எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருக்கிறார்கள். மண்டபத்துக்கென்று கடன்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

மூன்று கிழமையாக நீ எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முதல் எஞ்சினியர் நீ. சந்தைக்குப் போனாலும் அதைச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை. ஆனால் எஞ்சினியருக்கும் ஐந்து நிமிசம் இருக்கும்தானே.

கிணத்தடி வேம்பு கரண்ட் கம்பியில் முட்டுகிறதென்று கொப்பு வெட்ட ஒரு பெடியனை ஏற்றினேன். உள்ளே காகக் கூடு. "அன்ரி, மூண்டு முட்டை, ஒண்டு சின்னன்" என்று மேலே நின்று கத்தினான். மூன்றும் வெளிறின பச்சை, மண்ணிறப் புள்ளி. சின்னது குயிலுடையது. பங்குனி தொடங்கி அந்த ஆண்குயில் கத்தின கத்தல்! காகம் அதைக் கலைத்துக்கொண்டு போக, அந்த இடைவெளியில் பெட்டை வந்து இட்டுவிட்டுப் போயிருக்கும். குயிலென்றால் கறுப்பென்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. பெட்டை மண்ணிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கண்ணில் பட்டாலும் ஆருக்கும் பிடிபடாது.

பின்வீட்டு மாஸ்டர் சொன்னார், குயில் குஞ்சு காகக் குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள் முந்திப் பொரிக்குமாம். உங்கள் இங்கிலாந்துக் குயில்தான் பொல்லாதது. கண் திறக்க முன்னமே மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி வெளியே தள்ளிவிடுமாம். அம்மைப்பால் கண்டுபிடித்த ஜென்னர் 1788இலேயே அதை எழுதிவைத்திருக்கிறாராம். எங்கள் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படித் தள்ளாது, காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். நீயும் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவவும் உனக்கு வைக்கவில்லை. நான் வேறொன்றும் சொல்ல வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

கூடு கட்டத் தெரியாத சோம்பேறி என்று மாஸ்டர் குயிலை ஏசினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முட்டையின் நிறம் குயில் யோசித்துப் பூசினதா? அது தன்பாட்டில் வந்தது. யோசித்துப் பூசினவள் நான். 1999இல் கொழும்பு லொட்ஜில் இருந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கோ தெரியாது. உனக்கு வயது எட்டு, பாஸ்போட்டில் ஆறு. பெரியம்மாவை அம்மா என்றும் என்னைச் சித்தி என்றும் சொல்லச் சொல்லி, நித்திரையில் எழுப்பியும் கேட்பேன். ஒருநாள் தலை இழுத்துவிடும்போது "அம்மா, நோகுது" என்றாய். சீப்பாலேயே கையில் அடித்தேன். பல்லுப் பல்லாய்ப் பதிந்தது. அதற்குப் பிறகு நீ ஒருமுறையும் பிழைவிடவில்லை. எயாப்போட்டிலும் "போட்டு வாறன் சித்தி" என்றுதான் சொன்னாய், அழவும் இல்லை. கெட்டிக்காரன் என்று சந்தோசப்பட்டேன் ராசா. உண்மையிலேயே சந்தோசப்பட்டேன்.

கொப்பை வெட்ட விடவில்லை. பொரித்த பிறகு பார்ப்போம்.

என் வீசாவுக்கு நீ எழுதும் கடிதத்தில் என்ன முறை என்று போடவேண்டுமாம். சித்தி என்றே போடு. கடதாசியெல்லாம் அப்படித்தானே இருக்கிறது. மாறினால் உனக்குத்தான் கரைச்சல்.

அம்மா