டபுள் பேஸின் முதுகும் அரங்கத்து ஹீட்டரும்

பழைய டபுள் பேஸ்களை, ஆள் உயரத்துக்கு நிற்கும் அந்த வில் வாத்தியங்களை, சொத்தாக வைத்திருக்கும் ஐரோப்பிய, வட அமெரிக்க இசைக்குழு நிர்வாகங்களுக்கு,

வணக்கம்.

ஜனவரி பிறந்தால் முதுகுப் பலகையில் விரிசல் விட்ட பேஸ்கள் பட்டறைக்கு வரத் தொடங்குகின்றன. கூட வரும் சீட்டில் “பழைய கருவி, தானாக விரிசல் விட்டது” என்று இருக்கும். தானாக எதுவும் விரிசல் விடுவதில்லை. கணக்கைப் பாருங்கள்.

வெளியே 0 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். முதுகின் மேப்பிள் மரப் பலகை நெடுவாட்டில் ஏறக்குறைய அசையாது; குறுக்குவாட்டில் சுருங்கும். கீழ்ப்பக்கம் 66 சென்டிமீட்டர் அகலமுள்ள முதுகு, 50 சதவீத ஈரப்பதத்திலிருந்து 20க்கு இறங்கி அங்கேயே வாரக்கணக்கில் கிடந்தால், சுமார் 5 மில்லிமீட்டர் குறுகப் பார்க்கும்.

குவித்துச் செதுக்கிய முதுகு கொஞ்சம் தாழ்ந்து சமாளித்துக்கொள்ளும். வயோல் என்ற பழைய வில் வாத்தியக் குடும்பத்திலிருந்து வந்த தட்டை முதுகுக்கு அந்த வசதி கிடையாது. அதன் உட்புறம் ஸ்ப்ரூஸ் மரச் சட்டங்கள் குறுக்கே ஒட்டப்பட்டிருக்கும். சட்டத்தின் நெடுவாட்டமும் முதுகின் குறுக்குவாட்டமும் ஒரே திசை. ஆகவே முதுகு சுருங்கும், சட்டம் சுருங்காது. முதுகு உள்நோக்கிக் குழிகிறது. அதற்கும் மேல் போனால் சட்டத்தின் நுனி ஒட்டு விடும், அல்லது பலகை பிளக்கும். ஒட்டு விட்ட நுனியைக் கண்டுபிடிப்பது சுலபம். தாழ்ந்த சுரங்களை வில்லால் இழுக்கும்போது எங்கோ ‘கிர்ர்’ என்று உதறும். விரல் முட்டியால் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மட்டும் ஓசை ‘டொக்’கிலிருந்து ‘சளக்’காக மாறும்.

அதே நாட்களில் மேற்பலகையும் தாழ்கிறது. தந்திகள் விரற்பலகையை உரசும். தந்திகளைத் தாங்கும் குதிரையின் கால்களில் உள்ள திருகுச் சக்கரங்களைத் திருகி உயர்த்தினால் அது தீர்ந்தது. ஆனால் இரு பலகைகளுக்கும் நடுவில் நிற்கும் சிறு மரத்தூணான சவுண்ட் போஸ்ட் இப்போது ஆப்பாகிவிட்டது. கோடையில் சரியாக நின்ற போஸ்டையே குளிர்காலத்திலும் விட்டுவைத்தால் அது நிற்கும் இடத்தில் விரிசல் விழும். அந்த விரிசலுக்கு மேற்பலகையைக் கழற்றி, பிளாஸ்டர் அச்சு எடுத்து, உள்ளே மரத்தைக் குடைந்து ஒட்டுப்போட வேண்டும். சற்றே குட்டையாக ஒரு குளிர்கால போஸ்ட் வெட்டிவைக்க ஆகும் செலவோடு அதை ஒப்பிடவே முடியாது.

எங்களை உண்மையில் கோபப்படுத்துவது பசைதான். இந்தக் கருவிகளை வச்சிரம் என்ற விலங்குத் தோல் பசையால் ஒட்டியதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த நீரில் ஊறவைத்து, 60 டிகிரி அளவில் உருக்கிப் பூசும் அந்தப் பசை, இறுக்கம் தாளாதபோது மரத்துக்கு முன்னால் தான் விட்டுக்கொடுக்கும். பக்கப்பலகை ஓரத்தில் ஒட்டு விடுவது பேஸ் பிழைத்துக்கொண்டதற்கு அடையாளம். வெந்நீரால் துடைத்து, புதிதாக வச்சிரம் விட்டு, கிளாம்ப் போட்டு ஒருநாள் வைத்தால் முடிந்தது. ஆனால் மேடைத் தச்சரைக் கூப்பிட்டு வெள்ளைப் பசையால் அடைக்கச் சொல்கிறீர்கள். அடுத்த குளிர்காலம் அந்த ஒட்டு அசையாது, பக்கத்து மரம் பிளக்கும். அந்தப் பசைப் படலத்தின் மேல் வச்சிரமும் பிடிக்காது. சுரண்டி எடுக்கும்போது பழைய மரமும் சேர்ந்தே போகும்.

ஈரமூட்டி வாங்கியிருக்கிறோமே என்பீர்கள். 200 கன மீட்டர் அறை, மணிக்கு ஒருமுறை காற்று மாறுகிறது, மேலே சொன்ன வானிலை என்றால் 45 சதவீதத்தில் நிறுத்த மணிக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீர் வேண்டும். நாளைக்கு 24 லிட்டர். மேசைமேல் வைக்கும் 4 லிட்டர் பெட்டி காலையிலேயே வற்றிவிடும். மேற்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளைக்குள் தொங்கவிடும் ஈரக் குழாயை நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அதிலிருந்து சொட்டும் நீர் உட்புற ஒட்டுகளையே பதம் பார்க்கும்.

“சாலோ ஊர் கஸ்பாரோ செய்ததா, மிலான் டெஸ்டோரே செய்ததா? இது பெயரில்லாத பேஸ்தானே” என்று, பழைய இத்தாலியக் கைவினைஞர்களின் பெயரைச் சொல்லிப் பதிலும் வருகிறது. பேஸ் வித்வானும் இசைக்குழு நடத்துநருமான செர்கே கூசெவிட்ஸ்கி வாசித்த பேஸ், 1611இல் புகழ்பெற்ற இத்தாலிய வயலின் தயாரிப்பாளர்களான அமாத்தி வீட்டார் செய்தது என்று பல்லாண்டு நம்பப்பட்டது. மர வளையங்களை அளந்தபோது அது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது என்று தெரிந்தது. அதனால் அதன் நாதம் குறைந்துவிடவில்லை. லேபிளைப் பார்த்து ஈரப்பதத்தை ஒதுக்காதீர்கள்.

மூன்று தந்திப் பேஸ்களை நான்காக்கவும், தோளை அறுத்துச் சிறிதாக்கவும் போன தலைமுறைகள் ரம்பம் எடுத்தாயிற்று. இனியும் பழைய கருவியை அறுக்காதீர்கள். விமானப் பயணத்துக்காகக் கழற்றும் கழுத்து வேண்டுமென்றால் அதைப் புதுக் கருவியில் செய்துகொள்ளுங்கள்.

இந்த அக்டோபரில், ஹீட்டர் போடும் முன், பேஸ் நிற்கும் இடத்தில் தோள் உயரத்தில் ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர் மாட்டுங்கள். மாட்டுமுன் அதைச் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் உப்பு எடுத்து, கூழாகும் அளவுக்கு நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் முள் 75இல் நிற்க வேண்டும். 68 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 7 கூட்டிப் படியுங்கள்.

இப்படிக்கு,
பழைய டபுள் பேஸ்களைப் பழுதுபார்ப்போர்