அந்த மூன்று நகரங்களும் ஒன்றல்ல

ஒப்பிலக்கியப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். 'போருக்குப் பிந்தைய மூன்று நாவல்களில் சர்வாதிகார நகரம்', அந்தப் பதினைந்து மதிப்பெண் கேள்வி நினைவிருக்கும், நீங்கள் கேட்டதுதானே. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன், எனக்கு நான்கு. ஓரத்தில் சிவப்பு மையில் 'பாடக்குறிப்பில் இல்லை'. உண்மைதான், இல்லை. நான் நாவல்களைப் படித்துத் தொலைத்துவிட்டேன்.

உங்கள் குறிப்பு லண்டன், பெர்லின், பிராக் மூன்றையும் 'ஒடுக்குமுறையின் குறியீடு' என்று ஒரே வரியில் முடிக்கிறது. ஆர்வெல் 1949-இல் '1984' நாவலில் காட்டிய லண்டனில் லிஃப்ட் பெரும்பாலும் ஓடாது, கதாநாயகன் வின்ஸ்டன் காலில் புண்ணோடு ஏழு மாடி ஏறுகிறான், மாடிக்கு மாடி சர்வாதிகாரி 'பெரியண்ணன்' முகம் சுவரொட்டியிலிருந்து பார்க்கிறது. ஹான்ஸ் ஃபல்லடாவின் 1947 நாவலில் வரும் பெர்லினிலும் படிக்கட்டுதான், ஆனால் அங்கே பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரர். யாப்லோன்ஸ்கி தெரு 55-ஆம் எண் கட்டடத்தில் ஒரு தளத்தில் நாஜிக் குடும்பம், இன்னொன்றில் நடுங்கிக்கொண்டிருக்கும் யூத மூதாட்டி, வேறொன்றில் மகனைப் போரில் இழந்த தம்பதி. அவர்கள் ஹிட்லருக்கு எதிராக அட்டைகள் எழுதி ஊரார் கட்டடப் படிகளில் வைக்கிறார்கள். எடுத்தவர்களோ பயந்துபோய்ப் பெரும்பாலானவற்றைப் போலீசிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அப்படி எழுதிய ஹாம்பெல் தம்பதி 1943-இல் கொல்லப்பட்டார்கள். மிலன் குந்தேரா நாவலின் பிராக்கில் நகரமே ஒளிந்துகொள்கிறது: 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்ததும் மக்கள் தெருப்பலகைகளைக் கழற்றிவிட, படைக்கு வழி தெரியவில்லை. பிறகு அந்தத் தெருக்களுக்குப் பழைய பெயர் திரும்பவில்லை, ரஷ்யப் பெயர்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. இதெல்லாம் ஒரே நகரமா?

நாவல்களைப் படிக்கக் கொடுங்கள், இவ்வளவுதான் கேட்கிறேன். எங்கள் படிப்பு மைய நூலகத்தில் மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரே '1984'-ஐ ஆறு பேர் கைமாற்றிப் படித்தோம். என் முறை வந்தபோது கடைசி இருபது பக்கத்தைக் காணோம், வின்ஸ்டன் என்ன ஆனான் என்பதை உங்கள் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு மட்டும் நன்றி.

ஒரே வரி, அதையே எல்லோரும் எழுத வேண்டும், மாற்றி எழுதினால் சிவப்பு மை. சர்வாதிகாரத்தை இதைவிட நல்ல செய்முறைப் பாடமாக யாரும் நடத்திவிட முடியாது. சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை மாற்றச் சொல்லவில்லை. நூலகத்துக்கு நாவல்களை வாங்கிக் கொடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஃபல்லடாவின் நாவலையும் முதலில் வெட்டித்தான் வெளியிட்டார்கள், முழு வடிவம் ஜெர்மனியில் வர 2011 ஆகிவிட்டது. எங்களுக்கு அடுத்த தேர்வு நவம்பரில்.

இப்படிக்கு,
தொலைநிலைக் கல்வி மாணவி